1¼ மணி நேரத்துல பிள்ளை பிறந்துட்டு, பதினோராம் நாள் திரும்பச் சிவப்பாப் போகுது

பத்தமடைப்பாய் | செவ்வாய், இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சிக்கிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுதேன்.

இது எனக்கு ரெண்டாவது பேறுகாலம். மூத்தவன் பிறக்க பதினாறு மணி நேரம் ஆச்சு. இதுவும் அப்படித்தான் இழுக்கும்னு வீட்ல எல்லாரும் அசால்ட்டா இருந்தோம். ராத்திரி ரெண்டே முக்காலுக்கு இடுப்புல ஒரு பிடி. அம்மை ‘சூட்டு வலியா இருக்கும்’னு சீரகக் கசாயம் போட்டுத் தந்தா. சூட்டு வலின்னா கசாயத்துக்கு அடங்கிரும்லா. அடங்கல. டம்ளரைக் கீழ வைக்கதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சு பாயெல்லாம் நனைஞ்சிட்டு. 108 வந்து ஏத்தி, தருவை ஊர் தாண்டல, சரியா நாலு மணிக்குப் பிள்ளை வெளிய வந்துட்டு. வண்டியை ஓரங்கட்டிட்டு அந்த 108 தம்பிதான் கையில ஏந்தினான். பொம்பளப்பிள்ளை, 2 கிலோ 800.

அதுக்கப்புறந்தான் விசயமே. காலுக்கடியில வெதுவெதுன்னு போயிக்கிட்டே இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது எனக்குக் காதெல்லாம் அடைச்சிட்டு, யாரு பேசினாலும் கிணத்துக்குள்ள இருந்து பேசின மாதிரி. அங்கதான் நஞ்சுக்கொடி விழுந்துது. ஒரு சிஸ்டர் வயித்துல கையை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாவ பாருங்க, பிள்ளை பெத்த வலியே தேவலைன்னு ஆயிட்டு. ‘மூத்திரப்பை நிரம்பிக் கெடக்கு, அதான் கர்ப்பப்பை சுருங்க மாட்டேங்குது’ன்னு டியூப் போட்டு எடுத்தாவ. ஊசி, ட்ரிப்ஸ், ஒரு பாட்டில் ரத்தம், அஞ்சு தையல். கடைசியில என் கையைப் பிடிச்சு தொப்புளுக்குக் கீழ வச்சு, ‘பாரு, சிரட்டை மாதிரி கெட்டியாயிட்டு. இது இப்படியே இருக்கணும். இளகினா நீயே தேச்சு விடணும்’னு சொன்னாவ. நாலாம் நாள் 102 வண்டியில வீட்டுக்குக் கொண்டாந்து விட்டாவ.

ஒம்பதாம் நாள் வரைக்கும் ரத்தம் குறைஞ்சு பழுப்பாத்தான் போச்சு. நேத்து மூத்தவன் அழுதான்னு தூக்கி இடுப்புல வச்சேன், ஒரு குடம் தண்ணியும் எடுத்தேன். சாயங்காலம் திரும்பச் சிவப்பு. இன்னைக்குக் காலையில நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. அம்மை சொல்லுதா, ‘அழுக்கு ரத்தம், போனாத்தான் நல்லது’ன்னு. தண்ணி கேட்டா வயிறு பெருத்துரும்னு அரை டம்ளர்தான் தாரா.

இன்னொண்ணு. பாக்க வாரவங்க எல்லாரும் ‘கொடுத்து வச்சவட்டி நீ, கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள பெத்துட்டே’ங்காங்க. எனக்கு ரோட்ல ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு இருக்கும்?

---

முக்கூடல்காரி | செவ்வாய், இரவு 10:05

ஏட்டி, மொதல்ல குடத்தைக் கீழ வை. பதினோரு நாள் பச்ச உடம்புக்காரி தண்ணி எடுக்கியா? வீட்ல ஆம்பளைக யாரும் இல்லையா?

---

டவுன்ஆச்சி | செவ்வாய், இரவு 10:12

பயப்படாத தாயி. பேறுகாலத் தீட்டு நாப்பது நாள் போகும், கூடக் குறைய இருக்கும். எங்க காலத்துல வயக்காட்டுல நாத்து நட்டுக்கிட்டே பெத்துட்டு, தொப்புள்கொடியை அறுத்து மடியில கட்டிக்கிட்டு வந்தவ எல்லாம் உண்டு. கறிவேப்பிலையை அரைச்சுக் குடி. பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்குத காயம் மருந்து கொடுத்தாவளா?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:20

31 வருசம் லேபர் வார்டுல இருந்தவ, இப்ப பாளையங்கோட்டையில பேரப்பிள்ளையோட இருக்கேன். பத்தமடை தங்கச்சி, இதுக்கு மட்டும் உடனே பதில் போடுங்க:

மணிக்கு எத்தனை பேட் மாத்துதீங்க? நனைஞ்சு ஓரம் வழியுதா, நடுவுல மட்டுமா? காய்ச்சல், குளிர் உண்டா? வாடை மாறியிருக்கா? எந்திரிச்சா தலை சுத்துதா? கழுத்துலயோ மணிக்கட்டுலயோ விரல் வச்சு ஒரு நிமிசம் நாடியை எண்ணிச் சொல்லுங்க.

---

பத்தமடைப்பாய் | செவ்வாய், இரவு 10:41

அக்கா, எட்டு மணியில இருந்து மூணு மாத்திட்டேன். கடைசி ரெண்டும் முழுசா நனைஞ்சிட்டு. லேசா வாடை இருக்கு, நான் வியர்வைன்னு நினைச்சேன். காய்ச்சல் பாக்கல. நாடி 112.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | செவ்வாய், இரவு 10:44

கிளம்புங்க. இப்பவே. 108-க்குப் போடுங்க, பிரசவமாகி பதினோரு நாள், ரத்தப்போக்குன்னு சொல்லுங்க. வண்டி வார வரைக்கும் படுத்திருங்க. மூத்திரம் போயிட்டு வந்துருங்க. பிள்ளையைக் கூடக் கொண்டு போங்க, பால் கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டையும் அந்த நனைஞ்ச ரெண்டு பேடையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க, டாக்டர் அதைப் பாத்தாத்தான் கணக்கு தெரியும்.

இங்க பதில் எழுதிக்கிட்டு இருக்க வேண்டாம்.

---

பத்தமடைப்பாய் | செவ்வாய், இரவு 10:47

அம்மை வேண்டாங்கா. எங்க வீட்டுக்காரங்க வந்துக்கிட்டிருக்காவ. போறேன் அக்கா.

---

டவுன்ஆச்சி | செவ்வாய், இரவு 10:58

இப்படிப் பயமுறுத்தினா பிள்ளைக்குப் பால் வத்திரும். சிவப்பா கொஞ்சம் போனதுக்கெல்லாமா ஆம்புலன்ஸ்?

---

முக்கூடல்காரி | செவ்வாய், இரவு 11:10

ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. எங்க தாத்தாவுக்கு ரெண்டு பொண்டாட்டி. ரெண்டாவது பொண்டாட்டிதான் எங்க ஆச்சி. மூத்தவ மூணாவது பேறுகாலத்துல வெடியக்காலம் சாக்குல படுத்தவ, வெயில் வரதுக்குள்ள போயிட்டா. மருத்துவச்சி ‘சீக்கிரம் பிறந்துட்டு, நல்ல சகுனம்’னு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாளாம். நீங்க சொல்லுத வயக்காட்டுக்காரி ஊருக்கு ஒருத்தி இருந்திருப்பா, நான் மறுக்கல. எங்க மூத்த ஆச்சிக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | செவ்வாய், இரவு 11:35

தூக்கம் வரல. அந்தப் பிள்ளை திரும்பி வரதுக்குள்ள மத்தவங்களுக்காக எழுதி வைக்கேன்.

முதல்ல ஆச்சி சொன்னதுல பாதி சரி. பிரசவத் தீட்டு நாலு வாரம் முதல் ஆறு வாரம் வரைக்கும் போகத்தான் செய்யும். மூணு நாலு நாள் சிவப்பு, அப்புறம் தண்ணி கலந்த பழுப்பு, அப்புறம் வெள்ளை. நடுவுல ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில, நஞ்சு ஒட்டியிருந்த இடத்துப் பொருக்கு உதிரும்போது கொஞ்சம் சிவப்பா எட்டிப் பாக்கும். அது படுத்தா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அடங்கிரும். அடங்கல, மணிக்கு ஒரு பேட் முழுசா நனையுது, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுது, வாடை, காய்ச்சல், படபடப்பு, இதுல ஒண்ணு இருந்தாக்கூட அது தீட்டுக் கணக்கு இல்ல. இந்தத் தங்கச்சிக்கு இதுல மூணு இருந்துது.

‘அழுக்கு ரத்தம்’னு உடம்புல தனியா ஒரு ரத்தம் கிடையாது. போறது எல்லாம் நம்ம ரத்தந்தான்.

அப்புறம் இந்த ‘சீக்கிரம் பிறந்துட்டு’ங்கிற பேச்சு. வலி ஆரம்பிச்சு மூணு மணி நேரத்துக்குள்ள பிறந்தா அதுக்கு மருத்துவத்துல தனிப் பேரே உண்டு, அதிவேகப் பிரசவம்னு வச்சுக்கிடுங்க. கர்ப்பப்பை தசை நிறுத்தாம முறுக்கி முறுக்கித் தள்ளி, பிள்ளை வந்ததும் ஓஞ்சு போய் இளகிரும். இளகினா நஞ்சு இருந்த இடத்துல வாய் திறந்து நிக்கிற ரத்தக்குழாயை நெரிச்சு மூட ஆளில்ல. பிரசவத்துக்குப் பின்னால வார பெரும்போக்குல பத்துக்கு ஏழு இந்த இளக்கத்துனாலதான். ரெண்டாவது, சதை மெதுவா விரிய நேரமே கொடுக்காததால கிழிசல். கர்ப்பப்பை வாயில கிழிஞ்சா வெளிய தெரியாது. வயிறு சிரட்டை மாதிரி கெட்டியா இருக்கும், ரத்தம் மட்டும் பளிச்சுன்னு போயிக்கிட்டே இருக்கும். மூணாவது, நஞ்சுல ஒரு துணுக்கு உள்ள தங்குறது. நாலாவது, ரத்தம் உறையாம போறது, அது அபூர்வம்.

வயித்தை அமுக்கின சிஸ்டரை எல்லாரும் திட்டுவாங்க, நானும் நிறைய வாங்கியிருக்கேன். அந்த அமுக்குதான் முதல் மருந்து. மூத்திரப்பை நிரம்பி இருந்தா கர்ப்பப்பையை மேல தள்ளிரும், என்ன தேச்சாலும் சுருங்காது.

அளவைப் பத்தி ஒரு வார்த்தை. அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு காலியான அளவு, 500 மில்லி, அதைத் தாண்டினா பெரும்போக்குன்னு கணக்கு. ஆனா பாயிலயும் சேலையிலயும் ஊறினதைக் கண்ணால அளந்தா எப்பவும் குறைச்சுத்தான் தோணும். வார்டுல இதுக்குன்னே கோடு போட்ட பிளாஸ்டிக் பை இருக்கு, இடுப்புக்குக் கீழ விரிச்சா வழியுத ரத்தம் அதுல சேரும். பக்கத்துக் கர்நாடகாவுல பெலகாவியில உருவாக்கினது அந்தப் பை. ஆப்பிரிக்காவுல நாலு நாட்டுல இந்த மாதிரிப் பையை வச்சு அளந்து, தேய்ப்பு, ஊசி, ட்ரிப்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா உடனே கொடுத்துப் பாத்ததுல பெரிய ஆபத்து 60 சதம் குறைஞ்சுதுன்னு 2023-ல வந்துது. 2025-ல உலக சுகாதார நிறுவனம், 300 மில்லியிலயே நாடியோ பிரஷரோ மாறினா வேலையைத் தொடங்கச் சொல்லிட்டு. பிரஷர் கடைசியிலதான் விழும், நாடிதான் முதல்ல ஓடும். அதான் அந்தப் பிள்ளையை எண்ணச் சொன்னேன்.

---

களக்காட்டுவாழை | புதன், காலை 6:30

நான் ஆம்பளை, எழுதலாமான்னு தெரியல. என் வீட்டுக்காரிக்கு மூணாவது, வலி வந்து நாப்பது நிமிசம். வாழைத்தாருக்குக் கேட்டு வச்சிருந்த லோடு ஆட்டோவுலதான் போனோம், பாதியிலயே பிறந்துட்டு. ரத்தம் அவ்வளவா வெளிய வரல, எல்லாரும் சந்தோசப்பட்டோம். ஆஸ்பத்திரிக்கு வந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு அவ ‘வெளிக்கி வார மாதிரி இருக்கு, உக்கார முடியல’ன்னு கத்தினா. தையல் வலின்னு நினைச்சோம். பாத்தா சதைக்குள்ளயே ரத்தம் தேங்கி மாங்கா அளவுக்கு வீங்கியிருக்கு. தியேட்டர்ல கீறி எடுத்தாங்க. வெளிய வராட்டியும் ரத்தம் போகும்னு அன்னைக்குத்தான் தெரியும்.

இன்னொரு விசயம் சிஸ்டர். உள்ள என்னமோ ஆணுறை அது இதுன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | புதன், காலை 7:15

தம்பி, தாராளமா எழுதுங்க. நீங்க சொன்ன ‘வெளிக்கி வார மாதிரி’ங்கிறது எங்களுக்கு அலாரம் அடிச்ச மாதிரி.

ஆணுறை கதை சொல்லுதேன். மருந்துக்கு அடங்காத போக்குக்கு ரப்பர் டியூப் நுனியில ஆணுறையைக் கட்டி கர்ப்பப்பைக்குள்ள விட்டு, சலைன் ஏத்தி பலூன் மாதிரி உப்ப வைப்போம். உள்ள இருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். வங்கதேசத்து டாக்டர் சாயிபா அக்தர் கண்டுபிடிச்ச வழி. வெளிநாட்டு பலூன் விலைக்கு இது எத்தனையோ மடங்கு மலிவு. எங்க ட்ரேயில அந்தப் பாக்கெட்டைப் பாத்துட்டு ஒரு மாமியார், ‘இதெல்லாம் இப்பவே எதுக்கு சிஸ்டர், பத்து நாள் போகட்டும்’னு என் காதுல வந்து சொன்னாவ. அந்த நெருக்கடியிலயும் சிரிச்சிட்டேன்.

---

வீரவநல்லூர் | புதன், காலை 11:20

பத்தமடை அக்கா பத்தி ஏதாவது தெரியுமா? எனக்கு அடுத்த மாசம் தேதி. முதல் பிள்ளை ரெண்டு மணி நேரத்துல பிறந்தான். இதைப் படிச்சதுல இருந்து வயித்தைக் கலக்குது. வழியிலயோ வீட்லயோ பிறந்துட்டா என்ன செய்யணும்?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | புதன், மதியம் 1:40

முதல்ல அது நடக்காம பாப்போம். முதல் பேறுகாலம் அவசரமா நடந்திருந்தா அடுத்தது இன்னும் அவசரமா நடக்க வாய்ப்பு உண்டு. இதை உங்க டாக்டர்கிட்ட, கிராம சுகாதார செவிலியர்கிட்ட இப்பவே சொல்லி சீட்டுல எழுத வைங்க. 37 வாரம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருங்க. கசாயம் குடிச்சு அடங்குதான்னு பாக்கிறது உங்களுக்கு ஆகாது. ஒரு பிடி பிடிச்சா போன், அவ்வளவுதான். வலி வரணும்னு விளக்கெண்ணெய் கொடுக்க வருவாங்க, வாங்கி சாமி விளக்குக்கு ஊத்துங்க. இப்பவே ஹீமோகுளோபின் பாருங்க. 11-க்குக் கீழ இருந்தா ஏத்துங்க. 12 இருக்கவ தாங்குற ரத்தப்போக்கை 8 இருக்கவ தாங்க மாட்டா.

அப்படியும் மிஞ்சிட்டுன்னா: ஒருக்களிச்சுப் படுங்க. காலைச் சேத்துப் பிடிக்காதீங்க, தலையை உள்ள தள்ளாதீங்க, பிள்ளையை இழுக்காதீங்க. வந்ததும் துண்டால நல்லாத் துடைச்சு உங்க நெஞ்சோட வெறும் உடம்புல ஒட்டிப் போட்டு மேல போத்துங்க, பால்ல வைங்க. பால் குடிக்க குடிக்க கர்ப்பப்பை தானா சுருங்கும். தொப்புள்கொடியை பிளேடால அறுக்கவும் வேண்டாம், பிடிச்சு இழுக்கவும் வேண்டாம். நஞ்சு தானா விழுந்தா ஒரு பையில போட்டுக் கூடவே கொண்டு போங்க. முழுசா வந்திருக்கான்னு அங்க விரிச்சுப் பாப்பாங்க. விழுந்த பிறகு தொப்புளுக்குக் கீழ கையை வச்சு சிரட்டை தட்டுப்படுத வரைக்கும் வட்டமாத் தேய்ங்க. ரத்தம் நிக்க ஒரு ஊசி இருக்கு, டிரானெக்ஸாமிக்னு பேரு, பிறந்து மூணு மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். அதனால ‘பிள்ளைதான் பிறந்துட்டே, விடியட்டும்’னு வீட்ல உக்காரக் கூடாது.

---

பத்தமடைப்பாய் | வெள்ளி, மாலை 5:10

எல்லாரும் மன்னிக்கணும், போன்ல சார்ஜ் இல்ல, தெம்பும் இல்ல.

வண்டியில ஏறும்போதே ஒரு கட்டி விழுந்துது, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசு. காய்ச்சல் 101. ஸ்கேன்ல உள்ள சின்னத் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. மயக்கம் கொடுத்து சுத்தம் பண்ணினாவ, ரெண்டு நாள் ஊசி மருந்து. ஹீமோகுளோபின் 7.6. இன்னும் ஒரு பாட்டில் ரத்தம், அதுக்குப் பிறகு கறுப்பா ஒரு இரும்பு ட்ரிப்ஸ். இன்னைக்கு நாடி 84.

காலையில கூட தலைமாட்டுல அம்மை உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல. வீட்ல இருந்து கொண்டு வந்த தினக் காலண்டர் தாளைக் கிழிச்சு அதன் பின்பக்கம் கோடு போட்டுக்கிட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டா, நான் பேட் மாத்தின நேரம். டாக்டர் வரும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டுதா. தண்ணி மூணு லிட்டர் குடிக்கச் சொன்னாவன்னு இப்ப என்னைத் தூங்க விடாம எழுப்பிக் கொடுக்கா!

---

முக்கூடல்காரி | வெள்ளி, மாலை 5:22

அப்பாடா. மூணு நாளா பீடிக்கட்டு எண்ணும்போதெல்லாம் கணக்கு தப்பிப் போச்சு உன்னால.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | வெள்ளி, இரவு 8:00

நல்லது தாயி. பேட் கணக்கை விடாதீங்க, அம்மாவையே எழுதச் சொல்லுங்க. இரும்பு மாத்திரை பிரசவத்துக்குப் பின்னால 180 நாள். ட்ரிப்ஸ் போட்டதால எப்ப ஆரம்பிக்கன்னு டாக்டரைக் கேட்டுக்கிடுங்க. டீ, காபி, பாலோட மாத்திரை போட்டா உடம்புல ஒட்டாது, கால்சியத்தோடயும் சேக்காதீங்க. வெளிக்கி கறுப்பாப் போகும், பயப்படாதீங்க. தையலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணியில பத்து நிமிசம் உக்காருங்க. டெட்டால் ஊத்தாதீங்க, சாம்பிராணிப் புகை காட்டாதீங்க, கொதிக்கிற வெந்நீரை வயித்துல அறைஞ்சு ஊத்த விடாதீங்க. மூத்தவன் அழுதா நீங்க உக்காந்துக்கிடுங்க, அவன் மடிக்கு வரட்டும்.

கை நடுங்குதுன்னு எழுதினீங்களே, அதை நான் அன்னைக்கு விட்டுட்டேன், ரத்தம்தான் முதல்ல. உடம்புக்கு என்ன நடக்குன்னு மனசுக்கு எட்டுறதுக்குள்ள பிள்ளை கையில வந்துட்டு. பதினாறு மணி நேரம் வலிச்சவளுக்கு ‘இப்ப பெறப் போறேன்’னு தோண நேரம் இருக்கும், உங்களுக்கு அதுவும் இல்ல. ரோட்ல, ரத்தத்துல. ‘கொடுத்து வச்சவ’ன்னு யாராவது சொன்னா நீங்க சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்ல. வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கு நடந்ததை ஆரம்பத்துல இருந்து ஒரு தடவை சொல்லுங்க, அவர் வண்டிக்குள்ள இல்லையில்லா. பிள்ளை தூங்கியும் நீங்க தூங்க முடியல, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருது, ரெண்டு வாரம் ஆகியும் குறையலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. 14416-ல டெலிமானஸ்னு இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

---

பத்தமடைப்பாய் | வெள்ளி, இரவு 9:35

சொன்னேன் அக்கா, இப்பத்தான். அவங்க 108-க்குப் பின்னாலயே பைக்ல வந்திருக்காவ. தருவைகிட்ட வண்டி நின்னதும் ஏதோ ஆயிட்டுன்னு நினைச்சு, கதவைத் தட்டப் பயந்துக்கிட்டு இருட்டுல ரோட்டோரம் உக்காந்துட்டாவளாம். பிள்ளை அழுத சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சாவளாம். பதினாலு நாளா இதை யாருகிட்டயும் சொல்லல.

---

டவுன்ஆச்சி | சனி, காலை 5:50

நல்லா இரு தாயி. அன்னைக்கு நான் சொன்னது தப்புதான். சிஸ்டர், ஒண்ணு கேக்கேன்: உளுந்தங்களியில கருப்பட்டி நல்லெண்ணெய் ஊத்திக் கொடுக்கலாமா, அதுக்கும் தடையா?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் | சனி, காலை 6:40

தாராளமாக் கொடுங்க ஆச்சி. கூட முருங்கைக்கீரை, முட்டை, ஈரல். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைங்க, டவுனுக்கு வாரேன்.